தனியார் வாடகைக்கு யார் போட்டி?

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அதில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு, “மாநகராட்சி வீடும் சங்க வீடும் ஏழைகளுக்கு மட்டும் போதும், மற்றவர்கள் தனியாரிடம் பார்த்துக்கொள்ளட்டும்” என்பது. சங்க வீடு என்றால், வீட்டுவசதிச் சங்கங்கள் லாபத்துக்கு வரம்பு வைத்து வாடகைக்கு விடும் வீடு. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வாசலைக் குறுக்கினால், தனியாரிடம் குடியிருக்கும் நடுத்தரக் குடும்பத்தின் பேரம் பேசும் பலமும் போய்விடும்.

குடியிருப்பவர் காலி செய்துவிட்டு வேறு எங்கே போக முடியும் என்பதை வைத்துத்தான் வீட்டுக்காரர் வாடகை சொல்கிறார். போக இடம் இருந்தால், ஒழுகும் குழாய்க்கு உடனே ஆள் வரும்.

சங்கங்கள் எப்படிக் குறைந்த வாடகைக்குத் தருகின்றன? மானியம் மட்டும் காரணம் அல்ல. பழைய கட்டடங்களின் கடன் பெரும்பாலும் அடைந்திருக்கும். அங்கே மிச்சமாவதைப் புதிய கட்டடங்களின் கடனோடு சேர்த்துப் பகிர்ந்தால், புதிய வீடுகளுக்கும் வாடகை இறங்கும். தனியார் வீடு அப்படியல்ல. அது கைமாறும்போது, வாங்கியவர் சந்தை விலைக்குப் புதுக் கடன் எடுத்திருப்பார். அதைக் குடியிருப்பவர்தான் கட்டுகிறார். இந்த இரண்டு வகை வீடுகளும் ஒரே சந்தையில் மோதினால் பொது வாடகையே தணியும் என்று ஆய்வாளர் ஜிம் கெமெனி 1990களில் விளக்கினார். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் ஏறக்குறைய பாதிப்பேர் மாநகராட்சி வீடுகளிலோ, லாபத்துக்கு வரம்பு உள்ள சங்க வீடுகளிலோதான் இருக்கிறார்கள். நடுத்தர வருமானக்காரரும் அங்கே விண்ணப்பிக்கலாம்.

தனியார் உரிமையாளர்கள் இதை எதிர்க்காமல் இல்லை. ஸ்வீடனில் நகராட்சிகளுக்குச் சொந்தமான வீட்டு நிறுவனங்களின் வாடகைதான் தனியாருக்கும் அளவுகோலாக இருந்தது. அரசு ஆதரவு போட்டியைக் கெடுக்கிறது என்று உரிமையாளர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டி விதிகளைக் கண்காணிக்கும் ஐரோப்பிய ஆணையத்திடம் போனார்கள். 2011 முதல் நகராட்சி நிறுவனங்களும் வணிக முறையில் இயங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நெதர்லாந்தில் அதே ஆண்டு முதல், காலியாகும் சங்க வீடுகளில் 90 சதவீதத்தை ஆண்டு வருமானம் சுமார் 33,000 யூரோவுக்குள் இருப்பவர்களுக்கே தர வேண்டியதாயிற்று. அதைவிடக் கொஞ்சம் அதிகம் சம்பாதித்தவர்கள் இரண்டு பக்கமும் இடமில்லாமல் நின்றார்கள். மானியத்துக்குக் கணக்குக் கேட்பது சரி, அதற்காகக் கதவையே மூடியது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, மாநகராட்சி, சங்க வீடுகளுக்கான காத்திருப்புப் பட்டியல். பல வருடம் கழித்துக் கிடைக்கப்போகும் வீட்டைக் காட்டி இன்றைய வீட்டுக்காரரிடம் பேரம் பேச முடியாது. புதிதாகக் கட்டினால்தான் போட்டி உண்மையாகும்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு பட்டியல் இருந்தால், தேவை வருவதற்கு முன்பே பதிந்து வையுங்கள். அப்புறம், இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது மாத வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். ஆண்டு உயர்வை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள், என்ன காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்லலாம் என்ற இரண்டையும் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.