ஹோமிலிருந்து வந்தவனை லாரி ஏற்றி அனுப்பாதீர்கள்

"பாத்ரூம் போய்ட்டு வரட்டுங்களா மேடம்?"

கேட்டவனுக்கு 16 வயது. கேட்ட இடம் அவனுடைய சொந்த வீடு. வழக்கில் சிக்கிய சிறுவர்களைத் தங்க வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து, அதாவது 'ஹோமிலிருந்து', வந்த மூன்றாம் நாள் பார்க்கப் போயிருந்தேன். நான் வாசற்படி ஏறியதும் விருட்டென எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றான். அவன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீங்களா மேடம், கூப்பிட்ட குரலுக்கு வந்து நிக்கிறானுங்க. ஹோம்ல நல்லாத் திருத்தி அனுப்பியிருக்காங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பன்னிரண்டாம் நாள் அவனை போர்வெல் லாரியில் ஏற்றிவிட்டார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்து வண்டி, ஓட்டம் மத்தியப் பிரதேசத்தில். "எங்க தம்பிதான் மேனேஜருங்க, கண்ணுல வெச்சுப் பார்த்துக்குவான்" என்றார் அம்மா. அடுத்த வாய்தாவுக்குப் பையன் இல்லை. சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் கேட்ட கேள்விக்கு அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இந்த வருஷம் எனக்குத் தெரிந்து இப்படி ஊர் கடத்தப்பட்டவர்களில் இவன் நான்காவது. பொறுமை போய்விட்டது, எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

முதலில் இந்த 'திருந்திட்டான்' விஷயத்தைப் பேசிவிடுவோம். ஹோம் என்பது மிக்ஸி சர்வீஸ் சென்டர் இல்லை. ரிப்பேர் பார்த்து, டெஸ்ட் பண்ணி, பில்லோடு கையில் கொடுக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பெற்றோர் வருகிறார்கள். கூர்நோக்கு இல்லத்தில் இருப்பவன் விசாரணை முடியும் வரையோ ஜாமீன் கிடைக்கும் வரையோ அங்கே தங்க வைக்கப்பட்டவன், அவ்வளவுதான். அங்கே மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் வரிசை, மணி அடித்தால் சாப்பாடு. அவன் கற்றுக்கொண்டது மணிக்குப் பணிவது. வீட்டில் மணி கிடையாது. ஆகவே முதல் இரண்டு வாரம் பூனை மாதிரி இருப்பான். மூன்றாவது வாரம் ஒரு சின்ன விஷயத்துக்கு, தங்கச்சி ரிமோட்டைப் பிடுங்கியதற்கு, தட்டைத் தூக்கி எறிவான். உடனே 'புத்தி போகலையே' என்பீர்கள். அமைதியாக இருந்ததால் அவன் திருந்தியதும் இல்லை, தட்டை எறிந்ததால் கெட்டுப்போனதும் இல்லை. அந்த இரண்டு வாரம் பயந்திருந்தான். இப்போது இது தன் வீடு என்று மெல்ல நம்பத் தொடங்கியிருக்கிறான். தட்டு எறிந்ததைக் கண்டியுங்கள், எறிந்த சோற்றை அவனே கூட்டி அள்ளட்டும். ஹோம் பேச்சை மட்டும் இழுக்காதீர்கள். இதை எத்தனை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இந்தியாவிலேயே குழந்தைகளுக்கென்று முதலில் தனிச்சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1920-இல். நூறு வருஷம் தாண்டியும் ஊரில் ஹோமுக்குப் பெயர் 'சின்ன ஜெயில்'தான்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பிள்ளையை ஒரு இல்லத்தில் வைப்பது கடைசி வழி, பராமரிப்பின் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு என்று அதில் பட்டவர்த்தனமாக இருக்கிறது. நன்னடத்தையின் பேரில் பெற்றோரிடம் ஒப்படைக்கிறார்களே, அது 3 வருஷம் வரைகூட நீளலாம். அதற்காக அப்பா எழுதித் தரும் பிணைப்பத்திரம் பார்சல் வாங்கிய ரசீது இல்லை. 'என் பொறுப்பில் வைத்துக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பினால், பொறுப்பு யாரிடம் இருக்கிறது? ரிக் லாரி டிரைவரிடமா?

அனுப்புகிறவர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அக்கம்பக்கம் பேசும், அக்காவுக்கு வரன் பார்க்கிற நேரம், எதிர்த்தரப்பு முறைத்துக்கொண்டு திரிகிறது. உயிருக்கு நிஜமாகவே ஆபத்து என்றால் உறவுக்காரர் வீட்டுக்கு மாற்றலாம். ஆனால் நன்னடத்தை அலுவலரிடம் சொல்லி, குழுமத்தின் அனுமதி வாங்கிய பிறகு. ராத்திரியோடு ராத்திரியாக இல்லை.

வந்த அன்று கறி எடுத்து சொந்தபந்தத்தைக் கூட்டாதீர்கள். 'உள்ள என்ன பண்ணாங்க, அடிச்சாங்களா' என்று பெரியப்பா நடுவீட்டில் விசாரணை நடத்துவதை நிறுத்துங்கள். அம்மாயி சுருக்குப்பையைத் தலையணைக்கு அடியில் தள்ளுவதை அவன் பார்க்காமல் இருப்பான் என்றா நினைக்கிறீர்கள்? பணத்தைப் பூட்டி வைப்பதானால் அவன் வருவதற்கு முன்பே பூட்டி வையுங்கள். வந்த பிறகு, 200 ரூபாய் கொடுத்து எண்ணெய் வாங்கி வரச் சொல்லி, மீதியை வாங்கி எண்ணாமல் டப்பாவில் போடுங்கள். கூட்டாளிகள் அவன் போட்டோவை 'வெல்கம் பேக் தலைவா' என்று ஸ்டேட்டஸ் வைப்பார்கள், பின்னணியில் பாட்டு வேறு. அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். எல்லா நண்பனையும் தடை போட்டால் கள்ளத்தனமாகப் போவான். யாரோடு போகலாம் என்பதை அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: குடித்துவிட்டு வந்து புத்திமதி சொல்லாதீர்கள். தயவுசெய்து.

'கேஸ் இருக்கு, இனி கவர்ன்மென்ட் வேலை கிடையாது' என்று பையன் காதுபடப் புலம்புவதையும் விடுங்கள். அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, குற்றம் நிரூபணமானாலும் அதனால் வரும் தகுதியிழப்பு எதுவும் அவனைத் தொடரக்கூடாது. 16 வயது தாண்டி, கொடுங்குற்றத்தில் குழந்தைகள் நீதிமன்றம் பெரியவர்போல் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. வழக்கு முடிந்த பிறகு நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட போலீஸ் அந்தப் பதிவை வெளியிடக்கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு.

படிப்பு விட்டுப்போயிருந்தால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாவது தேறியவனுக்கு ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் இருக்கிறது. வலி மாத்திரை, கஞ்சா பழக்கம் இருந்தால் கயிறு கட்ட எங்கேயும் போக வேண்டாம், மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

போர்வெல் பையனை மாமாவே ரயிலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். போன வாரம் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் குப்புறப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். தலையை மட்டும் திருப்பி "வாங்க மேடம்" என்றான். எழுந்திருக்கவில்லை.

"மேடம் வந்திருக்காங்க, எந்திரிச்சு நில்லுடா!" அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"படுத்திருக்கட்டுங்க்கா," என்றேன். "எனக்கு ஒரு டீ போடுங்க."