கடைசி வரியில் இருக்கும் இரண்டு எண்கள்

புதிதாகக் கம்பைல் செய்த லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சர்வரை ரீபூட் செய்ததும் ‘கெர்னல் பேனிக்’ என்று திரை உறைந்துவிட்டால், டிஸ்க் போய்விட்டது என்றுதான் முதலில் பயம் வரும். பல வருடங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில் நானும் அப்படிப் பயந்து டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. கெர்னலை நான் கான்ஃபிகர் செய்த விதத்தில்தான் கோளாறு.

ரூட் ஃபைல்சிஸ்டத்தை (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் பகுதி) மவுன்ட் செய்ய, அதாவது பயன்பாட்டுக்கு இணைக்க, முடியவில்லை என்று திரையில் வரும் வரியின் முடிவில், அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் இருக்கும். தயவுசெய்து அவற்றைப் படியுங்கள். 0,0 என்றிருந்தால் கெர்னலுக்கு அந்த டிஸ்க்கே தென்படவில்லை: டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலருக்கான டிரைவர் இல்லை, அல்லது பூட் வரியில் ‘ரூட்=’ என்று நாம் கொடுத்த டிஸ்க்கின் பெயர் தவறு. எது என்று அறியத் திரையில் அந்த வரிக்கு மேலே பாருங்கள். கிடைத்த பார்டிஷன்களைக் கெர்னல் பட்டியலிட்டிருக்கும். பட்டியல் காலியென்றால் டிரைவர்தான் பிரச்சினை. 8,1 என்றோ, என்விஎம்இ டிஸ்க்குகளில் 259,2 என்றோ வந்தால், டிஸ்க் தெரிந்துவிட்டது. பெரும்பாலும் எக்ஸ்ட்4 போன்ற ஃபைல்சிஸ்டத்தைப் படிக்கும் பகுதிதான் விடுபட்டிருக்கும்.

கெர்னலைக் கான்ஃபிகர் செய்யும் மெனுகான்ஃபிக்கில் அந்த டிரைவருக்கு நேரே ‘எம்’ போட்டேனே என்பார்கள். ‘எம்’ என்றால் அது கெர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாக இருக்கும் மாட்யூல். இருக்குமிடம் இன்னும் மவுன்ட் ஆகாத அதே ரூட் டிஸ்க். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்களின் கெர்னல்களில் ‘எம்’ வேலை செய்யக் காரணம், தேவையான மாட்யூல்களோடு பூட்லோடர் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவிடும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் தற்காலிகச் சிறு ஃபைல்சிஸ்டம். டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கை எடுத்துக் கம்பைல் செய்து, கெர்னல் கோப்பை மட்டும் கையால் காப்பி செய்தால் அது உருவாகாது. அதை உருவாக்குங்கள், இல்லையேல் கன்ட்ரோலர், ஃபைல்சிஸ்டம் இரண்டுக்கும் ‘ஒய்’ போட்டுக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

அனுபவசாலிகளையும் கவிழ்ப்பது யூயூஐடி என்னும் தனி அடையாளக் குறியீடு. ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடியைத் தேடிப் பிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் கருவிகள். கெர்னலுக்குத் தானாக அது தெரியாது, பார்டிஷனின் அடையாளமான பார்ட்யூயூஐடி தெரியும். ஆகவே எல்லாவற்றுக்கும் சரியாக ‘ஒய்’ போட்டு, இனிட்ராம்எஃப்எஸ்ஸை விட்டுவிட்டு, ‘ரூட்=’ வரியில் பழைய யூயூஐடியையே வைத்திருந்தால் அதே 0,0தான் வரும். யூஎஸ்பியிலிருந்து பூட் செய்தால் ‘ரூட்வெயிட்’ சேர்க்க வேண்டும். டிஸ்க் தயாராகச் சில நொடிகள் ஆகும். கேவிஎம் மெய்நிகர் கணினி என்றால் பெரும்பாலும் விர்ட்டியோ என்னும் மெய்நிகர் சாதனங்களுக்கான டிரைவர்கள் தேவை.

ரீபூட்டுக்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலேயே ‘எல்எஸ்பிசிஐ -கே’ என்னும் கட்டளையைக் கொடுத்து, கன்ட்ரோலருக்கு இப்போது எந்த டிரைவர் என்று குறித்துக்கொள்ளுங்கள். புதியது ஒருமுறை முழுதாக பூட் ஆகும்வரை, பழைய கெர்னலை க்ரப் பூட்லோடரின் மெனுவிலிருந்து நீக்கவே நீக்காதீர்கள்.