நுரையீரல் கட்டியிலிருந்து திசு எடுக்க மேப் வழி காட்டுகிறது, சரி. ஊசி கட்டிக்குள் இருக்கிறதா?

வேறு எதற்கோ எடுத்த சிடி ஸ்கேனில் "வலது மேல் மடலில் 14 மிமீ நாட்யூல்" என்று வந்திருக்கும், அதாவது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு சின்னக் கட்டி, ஆளுக்கு இருமல்கூட இருக்காது, ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதிலிருந்து தூக்கம் போயிருக்கும். கேன்சரா என்றுதான் கேட்பார்கள். படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நம் ஊரில் டிபியும் இதே போல உருண்டையாகத் தெரியும், பெட் ஸ்கேனிலும் கேன்சர் மாதிரியே ஒளிரும். மிகச் சின்னது என்றால் சில மாதம் விட்டு மறுபடி ஸ்கேன் எடுக்கலாம். இந்த அளவில், ஓரம் முள்முள்ளாகவும் இருந்தால், திசு எடுத்துப் பார்ப்பதுதான் (பயாப்ஸி) வழி.

எப்படி எடுப்பது? மூச்சுக்குழாய் ஏறத்தாழ 23 முறை கிளைபிரிகிறது. மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயான வழக்கமான பிராங்கோஸ்கோப் ஐந்தாறு மிமீ தடிமன், முதல் சில கிளைகளைத் தாண்டாது. கட்டியோ நுரையீரலின் ஓரத்தில் இருக்கும். மார்புக்கு வெளியிலிருந்து சிடி பார்த்து ஊசி போடலாம், ஆனால் நுரையீரலில் காற்று கசியும் வாய்ப்பு அதிகம்.

நேவிகேஷன் இங்கேதான் உதவுகிறது. ஸ்கேனை வைத்து கம்ப்யூட்டர் மூச்சுக்குழாய்களின் முப்பரிமாண மேப் போட்டு, எந்தக் கிளையில் திரும்பவேண்டும் என்று காட்டும். மின்காந்தப் புலத்தில் வேலை செய்யும் கருவிக்கு அமெரிக்காவில் 2004இலேயே அனுமதி கிடைத்தது. அப்புறம் 2018இல் மோனார்க், 2019இல் அயான் என்று ரோபோக்கள் வந்தன. அயானின் குழாய் வெறும் 3.5 மிமீ.

இனி விளம்பரத்தில் வராத சங்கதி. ஸ்கேன் எடுக்கும்போது நீங்கள் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருந்தீர்கள். பயாப்ஸி அன்று மயக்கத்தில் படுத்திருக்கிறீர்கள், நுரையீரல் அவ்வளவு விரிந்திருக்காது, அடிப்பகுதி கொஞ்சம் சுருங்கியும் போகலாம். திரையில் குழாயின் நுனி கட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும், நிஜக் கட்டி ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். கீழ் மடலில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதனால்தான் ஊசி போடுவதற்கு முன் குழாய் வழியாக ஒரு சின்ன அல்ட்ராசவுண்ட் கம்பியை விட்டுப் பார்க்கிறோம். காற்று நிறைந்த நுரையீரல் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். கட்டிக்குள் போய்விட்டால் கம்பியைச் சுற்றிலும் கருஞ்சாம்பல் வட்டம் தெரியும், அரை வட்டம்தான் என்றால் ஓரமாக நிற்கிறோம். சுருங்கிப்போன நுரையீரலும் இதே சாம்பல் நிறம் காட்டி ஏமாற்றும் என்பதால், வசதி இருக்கும் இடத்தில் மேஜையிலேயே, படுத்த நிலையிலேயே எடுக்கும் கோன் பீம் சிடி ஸ்கேன் எடுத்து ஊசி நுனியைப் பார்ப்பார்கள். மயக்க மருந்து டாக்டரின் பங்கும் பெரிது: நுரையீரல் சுருங்காமல் காற்றழுத்தத்தைப் பிடித்துவைப்பது அவர்தான்.

ஆகவே "ரோபோ இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "ஊசி கட்டிக்குள் இருக்கிறது என்பதை எப்படி உறுதி செய்வீர்கள்?" என்று கேளுங்கள். 2025இல் வெளியான வெரிடாஸ் ஆய்வில் 1 முதல் 3 செமீ கட்டிகளில், மேப் பார்த்துக் குழாய் வழியாகத் திசு எடுக்கும் இந்த முறையின் துல்லியம் 79 சதவீதம், வெளியிலிருந்து ஊசி போடுவதற்கு 73.6. காற்றுக் கசிவுதான் பெரிய வித்தியாசம்: இதில் 3.3 சதவீதம், வெளியிலிருந்து போடுவதில் 28.3. எனக்கும் அதனால்தான் இதில் விருப்பம். ஆனால் 79 என்பது நூறு இல்லையே.

"கேன்சர் செல்கள் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் வீட்டில் ஸ்வீட் வாங்கிவிடுகிறார்கள். டிபி என்றோ வேறொரு தெளிவான நோய் என்றோ சொல்லியிருந்தால் நல்லது. வெறும் "அழற்சி" என்றிருந்தால், ஊசி கட்டியைத் தொடாமலே போயிருக்கலாம். மறு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். டிபி சந்தேகம் இருந்தால் எடுத்த திசுவில் ஒரு துண்டு சலைனில் (உப்பு நீரில்) போகவேண்டும் என்பதையும் நினைவூட்டலாம், ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். வீட்டுக்குப் போன பிறகு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்கேனை ஃபிலிமாக இல்லாமல் கம்ப்யூட்டரில் போடும் குறுந்தகடாக வாங்கி வாருங்கள், மேப் போட மெல்லிய வெட்டுப்படங்கள் வேண்டும். பீரோவில் பழைய ஸ்கேன் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். அதே திடமான கட்டி இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே அளவில் இருந்தது தெரிந்தால் பெரும்பாலும் பயாப்ஸியே வேண்டியதில்லை.