சத்தில்லாத மண்ணில் பூச்சி தின்னும் செடி

ஒவ்வொரு வருடமும் மார்கழிக் கடைசியில் இரண்டாம் ஆண்டு தாவரவியல் மாணவர்களை ஓர் ஏரியின் உள்வாய்க்கு, அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பகுதிக்கு, அழைத்துப் போவேன். கல்லூரியிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். மழை ஓய்ந்து, தண்ணீர் மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. தண்ணீர் விட்டுப்போன ஈரத்தில், மணலும் சரளையும் கலந்த செந்தரையில், ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சிவப்பு வட்டங்கள் தரையோடு ஒட்டிக்கிடக்கும். முதல் கால் மணி நேரம் அது ஒருவர் கண்ணிலும் படாது. படாமலே அதன் மேல் நடந்துவிடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் கரையிலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, அப்புறம்தான் இறங்க விடுகிறேன்.

அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் முதல் தடவை எங்களைப் பார்த்தபோது, “என்னம்மா எல்லாரும் குனிஞ்சே தேடுறீங்க, காசு கீசு விழுந்துடுச்சா?” என்று கேட்டார். செடியைக் காட்டினேன். “இதுவா? இது ஆட்டுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது” என்றார்.

பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் ட்ரொசீரா. சூரியப் பனித்துளிச் செடி என்றும் போட்டிருப்பார்கள். மூலிகை தெரிந்தவர்கள் அழுகண்ணி என்பார்கள். எப்போதும் கண்ணீர் கோத்து நிற்பதுபோல் இருப்பதால் வந்த பெயர். இதே பெயரை உப்புத்தரையில் வளரும் இன்னொரு செடிக்கும் சொல்வதுண்டு, ஆகவே பெயரை மட்டும் நம்பிப் பிடுங்கக் கூடாது. நம் நாட்டுச் சமவெளிகளில் இரண்டு வகை உண்டு. தரையோடு வட்டமாகப் படர்வது பர்மானி. ஊசிபோல் மெல்லிய இலைகளோடு நிமிர்ந்து நிற்பது இண்டிகா. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளியில் பெல்டேட்டா என்ற மூன்றாவது வகையைப் பார்க்கலாம்.

மாணவர்களைச் செடியின் முன்னால் சம்மணம் போட்டு உட்காரச் சொல்வேன். கைலென்ஸை இலைமேல் பிடித்தால், ஒவ்வோர் இலையிலும் குண்டூசிபோல நுனி பருத்த சிவப்பு மயிர்கள் நிற்பது தெரியும். நுனியில் இருக்கும் துளி தண்ணீர் இல்லை. ஈர்க்குச்சியால் தொட்டு இழுத்தால் நூலாக நீளும். பசை. குட்டி ஈ ஒன்று அதைத் தேன் என்று நினைத்து வந்து உட்காரும். ஒரு கால் ஒட்டும். அதை விடுவிக்க அடுத்த காலை ஊன்றும், அதுவும் ஒட்டும். பர்மானியின் இலை ஓரத்தில் இருக்கும் நீளமான மயிர்கள் சில நொடிகளிலேயே உள்பக்கமாக மடங்கி, ஈயை நடுவில் தள்ளிவிடும். செடி அசைவதை வெறும் கண்ணால் பார்க்கிற அனுபவம் பலருக்கு அதுதான் முதல் தடவை. அந்த ஒரு நிமிடத்தில் முப்பது பேர் கூட்டம் அப்படியே அமைதியாகிவிடும். அதற்குப் பிறகு சுரப்புநீர் ஈயின் உடலைக் கரைக்கும். சில நாள் கழித்துப் போனால் இறக்கையும் ஓடும்தான் மிச்சம்.

உடனே கேள்விகள் வரும். விரலைக் கடிக்குமா? கடிக்காது. வீட்டில் வைத்தால் கொசு ஒழியுமா? ஒழியாது. இதன் பிடியில் சிக்குவது எறும்பும் சிறு ஈயும்தான், அதுவும் கொஞ்சம். பூச்சி கிடைக்காவிட்டால் பட்டினியில் சாகுமா? சாகாது. பச்சையம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, மற்ற செடிகளைப்போலத் தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளும். சார்லஸ் டார்வின் பல வருடங்கள் ஆராய்ந்து 1875இல் இந்தச் செடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் மகன் பிரான்சிஸ் அதன் பிறகு ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதிச் செடிகளுக்குத் துணுக்கு இறைச்சி கொடுத்தார், மறுபகுதிக்குக் கொடுக்கவில்லை. தின்ற செடிகள்தான் அதிகம் பூத்து அதிக விதை தந்தன.

சரி, வெயிலில் சமைக்கத் தெரிந்த செடிக்குப் பூச்சி எதற்கு? தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்). இந்த மண்ணில் அவை இரண்டும் மிகக் குறைவு. மழை அரித்துப்போன, உழுதால் எதுவும் விளையாத தரை இது. புல்கூட அடர்த்தியாக வராது. வேர் வழியாகக் கிடைக்காததை இலை வழியாக எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டதால்தான் அழுகண்ணி இங்கே பிழைக்கிறது. மண் வளமாகிவிட்டால் புல்லும் கோரையும் ஒரே பருவத்தில் இதை மூடிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். இந்தச் செடியை அழிக்க யாரும் வெட்டவோ எரிக்கவோ வேண்டாம். நிலத்தை ‘நல்லதாக்கினால்’ போதும்.

என் மாணவன் ஒருவன் ஆசையாக ஒரு செடியைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனான். செம்மண், மணல், மண்புழு உரம் எல்லாம் கலந்து தொட்டியில் வைத்து, தினமும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினான். இரண்டு வாரத்தில் இலை கறுத்துவிட்டது. “நல்லாத்தானே மேடம் பாத்துக்கிட்டேன்” என்று வந்து நின்றான். உரமும் உப்புத் தண்ணீரும் அதற்கு ஆகாது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியவள் நான். இப்போது பேருந்தில் ஏறும்போதே சொல்லிவிடுகிறேன்: படம் எடுங்கள், வரையுங்கள், ஒன்றையும் பெயர்க்காதீர்கள்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் அந்த ஏரி உள்வாயின் ஒரு பக்கத்தை ‘தரிசு’ என்று முடிவு செய்து, பொக்லைன் வைத்துக் குழி தோண்டி, லோடு லோடாக வண்டலும் எருவும் கொட்டி மரக்கன்று நட்டார்கள். நட்டவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள். எங்கள் மாணவர்களும் சிலர் அதில் இருந்தார்கள். நான் அந்த இடத்துக்குப் பத்து வருடத்துக்கு மேலாகப் போய்வருகிறேன். அங்கே என்ன இருக்கிறது என்று ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லி வைத்ததில்லை, ஒரு தாள் எழுதிக் கொடுத்ததில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அடுத்த மார்கழியில் போனபோது அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல். சிவப்பு வட்டம் ஒன்றுகூட இல்லை. மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் முழு வெயில் விழும் ஈரத் திறந்தவெளியும் ஒரு வாழிடம். அதற்கு நிழல் தேவையில்லை.

அதே ஏரியின் ஓரக் குட்டைகளில் இன்னொரு வேட்டைக்காரச் செடி மிதக்கிறது. யூட்ரிகுலேரியா, தமிழில் பைச்செடி. வேரே கிடையாது. தண்ணீருக்குமேல் மஞ்சள் பூ நிற்கும், கீழே நூல் நூலான இலைகளில் கடுகைப்போலச் சின்னச் சின்னப் பைகள். பையிலிருக்கும் தண்ணீரைச் செடி வெளியேற்றி, பக்கங்கள் உள்வாங்கியபடி தயாராக வைத்திருக்கும். வாசலிலுள்ள மயிரை நீர்ப்பூச்சி ஒன்று உரசினால் கதவு திறந்து, தண்ணீரோடு பூச்சியும் உள்ளே போய்விடும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட ஆகாத வேகம். கொத்தாக அள்ளித் தண்ணீருக்குமேல் தூக்கிக் காதருகே பிடித்தால் மெல்லப் படபடவென்று பொரியும். பைகள் காற்றை உறிஞ்சும் சத்தம் அது. கேட்டுவிட்டு உடனே தண்ணீரில் விட்டுவிடுவோம். இதன் இனத்திலேயே ஈரத்தரையில் வளர்பவையும் உண்டு. ஓணக்கோலத்தில் மலையாளிகள் வைக்கும் நீலக் காக்காப்பூ அதில் ஒன்று.

குடுவைபோன்ற இலைக்குள் பூச்சியை விழவைக்கும் குடுவைத் தாவரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தியாவில் மேகாலயாவின் மலைகளுக்குத்தான் போக வேண்டும். நெப்பந்தஸ் காசியானா இங்கே இயற்கையாக வளரும் ஒரே குடுவைத் தாவரம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது, எடுத்து விற்பது குற்றம். இணையத்தில் விற்கும் வீனஸ் பூச்சிப் பிடிப்பான் நம் ஊர்ச் செடியே இல்லை. உலகத்திலேயே அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோர ஈரநிலம்தான் அதற்குச் சொந்த இடம். அங்கும் திருட்டு அதிகமாகி, வட கரோலினாவில் 2014 டிசம்பர் முதல் அதைக் காட்டிலிருந்து திருடுவது கடுங்குற்றம். வாங்குவதாக இருந்தால் நாற்றங்காலில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

பூச்சியை நம்பி அந்த ஏரி உள்வாயில் வாழ்வது செடி மட்டும் இல்லை. கரை மேட்டின் காய்ந்த புழுதியில் குழியானைப் பூச்சி புனல்போலக் குழி வெட்டி அடியில் காத்திருக்கும். விளிம்பில் எறும்பு கால் வைத்தால் மணல் தானாகச் சரியும், ஏற ஏறக் கீழிருந்து மணலை வாரி அடிக்கும். கரையின் செங்குத்தான மண்சுவரில் பஞ்சுருட்டான் பறவை பொந்து வைத்திருக்கிறது. தேனீயைப் பிடித்தால் கிளையில் தேய்த்துக் கொடுக்கை எடுத்துவிட்டுத்தான் விழுங்கும். அழுங்கு என்று நாம் சொல்லும் எறும்புத்தின்னிக்குப் பல்லே கிடையாது, நீண்ட நாக்கின் பசைதான் அதன் ஆயுதம். அழுகண்ணியின் அதே உத்தி! அழுங்கின் செதில் நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருள்தான். அதில் மருந்து ஒன்றும் இல்லை. ஆனாலும் அதற்காகவே கடத்துகிறார்கள். பூச்சி தின்னும் இன்னொரு விலங்கான தேவாங்குக்குக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரை ஒட்டி 2022இல் 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தார்கள், நாட்டிலேயே அதற்கென அமைந்த முதல் சரணாலயம். பூச்சி நிறைந்த முள்வேலியும் புதரும் இருந்தால்தான் அதற்கு இரவுச் சாப்பாடு. அந்தப் புதரையும் நாம் தரிசுக் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

உங்கள் ஊரிலும் ஏரி உள்வாயோ, பாறை இடுக்கில் நீர் கசியும் மேடோ இருக்கும். மழை முடிந்ததும் ஒருமுறை போய்ப் பாருங்கள். செடி இருந்தால், இடத்தையும் தேதியையும் குறித்து, படத்தோடு அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் கொடுங்கள். ஊராட்சித் தலைவரிடமும் காட்டுங்கள். அங்கே மண் கொட்டவோ மரம் நடவோ பேச்சு வந்தால் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். விடியற்காலையில் போகாதீர்கள், அப்போது எல்லாப் புல்லிலும் பனி இருக்கும். பத்து மணிக்கு மேல் போங்கள். சுற்றிலும் பனி காய்ந்த பிறகும் தரையில் எது மின்னிக்கொண்டிருக்கிறதோ, அங்கே குனியுங்கள்.