ஓடை அரித்த பொன்

"ஆற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும்தான் அடித்துக்கொண்டு போகிறது. தங்கத்தை மட்டும் எப்படி ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கனடாவின் யூகான் பகுதியில் ஓடை மண்ணைத் தட்டில் போட்டு அலசித் தங்கம் எடுப்பதை ஏதோ வீடியோவில் பார்த்தாராம்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1896 ஆகஸ்டில், அதே யூகானில் கிளாண்டைக் ஆற்றில் வந்து சேரும் முயல் ஓடை என்ற சின்ன ஓடையில், டாகிஷ் பழங்குடியைச் சேர்ந்த ஸ்கூகம் ஜிம்மும் அவருடைய உறவினர்களும் தங்கத்தைக் கண்டார்கள். ஓடையின் பெயரே பொனான்ஸா என்று மாறிப்போனது. அடுத்த வருடம் உலகமே மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பியது.

மலையில் குவார்ட்ஸ் பாறையின் இடுக்குகளில் இருந்த தங்கம், பாறை சிதைந்ததும் ஓடைக்கு வந்துவிட்டது. சரி, அப்புறம்? ஒரு கன சென்டிமீட்டர் சுத்தத் தங்கம் 19.3 கிராம், குவார்ட்ஸ் மணல் 2.65 கிராம். ஏழு மடங்கு வித்தியாசம். 'கனமானது அடியில் தங்கும்' என்று பெரும்பாலும் இத்தோடு முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த இடமே இதற்குப் பிறகுதான் வருகிறது.

தண்ணீருக்குள் முங்கினால் ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் 1 கிராம் எடை குறையும். ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். தங்கத்துக்கு மிஞ்சுவது 18.3, மணலுக்கு மிஞ்சுவது வெறும் 1.65. ஏழு மடங்கு, பதினோரு மடங்காகிவிட்டது! தண்ணீர் தலைக்கு ஒரே வரிதான் போடுகிறது. அடி விழுவது இல்லாதவனுக்கு.

வீட்டில் அரிசியில் கல் அரிப்பதும் இதே கணக்குதான். என் அம்மா பாத்திரத்தைச் சாய்த்து, லேசாக ஆட்டி ஆட்டி, தண்ணீரோடு அரிசியை அடுத்த பாத்திரத்துக்குத் தள்ளுவார். கடைசி ஒரு கைப்பிடி அரிசிக்கு அடியில் கல் கிடக்கும். அந்த 'ஆட்டி ஆட்டி'யில்தான் சூட்சுமம். அசையாத மணலில் துகள்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருக்கும், தங்கம்கூட மேலேயே உட்கார்ந்திருக்கும். குலுக்கினால் பூட்டு திறக்கும், தங்கம் கிடைத்த சந்தில் ஒரு படி இறங்கும். இறங்கியது மறுபடி மேலே வருவது கஷ்டம். வெள்ளக் காலத்தில் ஓடை தன் படுகை முழுவதையும் இப்படித்தான் குலுக்குகிறது. இறங்கி இறங்கி, கடைசியில் அடிப்பாறையின் வெடிப்புகளில் போய்த் தங்கம் அடைந்துகொள்ளும்.

கிளாண்டைக்கில் இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்தது. பனியுகத்தில் கனடாவின் பெரும்பகுதியைச் சுரண்டித் தள்ளிய பனிப்பாளங்கள் இந்த ஓடைகள் பக்கம் வரவே இல்லை. லட்சக்கணக்கான வருடங்களாக அரித்துச் சேர்த்தது கலையாமல் கிடந்தது. ஆனால் நிலம் உறைந்து கல்லாக இருந்தது. குளிர்காலத்தில் விறகை எரித்து, இளகிய மண்ணை வெட்டி எடுத்து, மறுபடி எரித்து, கிணறு போல அடிப்பாறை வரை இறங்கினார்கள். குவித்து வைத்த சரளையை வசந்தத்தில் ஓடை இளகியபின் கழுவினார்கள்.

அந்த உறைமண் வேறு சிலவற்றையும் பத்திரமாக வைத்திருந்தது. 2022 ஜூனில் அங்கே தங்கத்துக்காக மண் வெட்டியவருக்குக் கிடைத்தது, அழிந்துபோன முடி யானையான மாமூத்தின் குட்டி ஒன்று. 30,000 வருடங்களுக்கு மேல் பழையது, தோலும் முடியும் அப்படியே! உள்ளூர் மக்கள் 'நன் சோ கா' என்று பெயரிட்டார்கள். 'ஒரு மாமூத் தேட வேண்டும், பள்ளத்தாக்கைத் தோண்டப் பணம் கொடுங்கள்' என்று எந்த விஞ்ஞானியாவது விண்ணப்பித்திருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? தங்க ஆசை அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது.

மறுபடி தட்டுக்கு வருவோம். அலசி அலசிக் கடைசியில் நிற்பது கருமணல், பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது. தங்கம் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதுவும் கனம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலைகள் லேசான மணலைக் கொண்டுபோய், இல்மனைட் என்ற டைட்டானியம் தாதுக் கருமணலைக் குவித்து வைப்பதும் இதே வேலைதான். தட்டில் கருமணலைக் கண்டால் கை நிதானமாகும், தங்கம் இருந்தால் அதற்கடியில்தான் இருக்கும். காய வைத்து, காகிதத்தில் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டினால் மேக்னடைட் ஒட்டிக்கொண்டு போய்விடும்.

ஆனால் மாவு போன்ற, தட்டையான தங்கத் துகள் இத்தனை கணக்கையும் ஏமாற்றிவிட்டுத் தண்ணீர் மேல் மிதக்கும். பரப்பு இழுவிசை அதைத் தாங்கிக்கொள்கிறது. அனுபவசாலிகள் தட்டில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விடுவார்கள். பொன் துகள் பொசுக்கென்று அடியில் போய் உட்காரும்.