தடவிய மருந்தில் எவ்வளவு உள்ளே போகிறது?

முன்கையில் தடவிய ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் உடலுக்குள் சேர்கிறது. மீதி துணியில் ஒட்டும், குளிக்கும்போது போகும், உதிரும் செதில்களோடு விழும்.

தடுப்பது தோலின் மேற்படலம். தடிமன் வெறும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். இறந்த செல்கள் செங்கல் வரிசையாக அடுக்கப்பட்டு, இடைவெளியில் கொழுப்பு பூசப்பட்ட சுவர். மருந்து பெரும்பாலும் அந்தக் கொழுப்பு வழியே நெளிந்துதான் இறங்க வேண்டும். மூலக்கூறு எடை 500 டால்டனை (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) தாண்டினால் நுழைவது கடினம். இன்சுலின் சுமார் 5,800. அதைத் தடவிப் பயனில்லை. கொழுப்பில் மட்டுமே கரையும் மருந்தும் தேறாது. அடியில் இருப்பது நீர் நிறைந்த அடுக்கு என்பதால் மேற்படலத்திலேயே தங்கிவிடும்.

சுவரின் பலம் இடத்துக்கு இடம் மாறும். முன்கையோடு ஒப்பிட்டால் ஹைட்ரோகார்டிசோன் நெற்றியில் 6 மடங்கும், விதைப்பையில் 40 மடங்குக்கு மேலும் உள்ளே போகிறது. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். காலுக்குக் கொடுத்த வீரியமான ஸ்டீராய்டை முகத்திலோ தொடையிடுக்கிலோ தடவினால் தோல் மெலிந்துபோவது இதனால்தான். மேலே பிளாஸ்டிக் உறையால் மூடினால் தோல் ஈரத்தில் ஊறி, உறிஞ்சல் பல மடங்காகும். குழந்தையின் டயப்பரும் அப்படியொரு மூடிதான், இதைப் பலர் யோசிப்பதில்லை.

அப்பிப் பூசினால் கூடுதல் பலன் கிடைக்காது. வேகத்தைத் தீர்மானிப்பது மேற்படலம், பூச்சின் கனம் அல்ல. 5 மி.மீ. வாயுள்ள ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். பெரியவரின் விரல்கள் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு அது போதும்.

தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையான பேட்ச் வேறு நோக்கம் கொண்டது: மருந்தைச் சீராக ரத்தத்தில் சேர்ப்பது. குடலையும் கல்லீரலையும் முதலில் கடக்க வேண்டியதில்லை என்பது பெரிய லாபம். 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸ்கோபொலமின் பேட்ச், காதுக்குப் பின்னால் 3 நாள் ஒட்டியிருந்து பயணக் குமட்டலைத் தடுக்கிறது.

மார்ஃபின் வகையைச் சேர்ந்த வீரியமான வலிமருந்தான ஃபென்டானில் பேட்ச்சில்தான் அதிகக் கவனம் தேவை. மருந்து தோலுக்குள் தேங்கி, மெல்லத்தான் ரத்தத்துக்குப் போகும். ஒட்டியதும் வலி குறையாது. கழற்றியதும் வேலை நிற்காது. வலி குறையவில்லையே என்று இன்னொன்றை ஒட்டுவது ஆபத்து. காய்ச்சலோ வெந்நீர் ஒத்தடமோ பேட்ச்சிலிருந்து மருந்து வெளியேறும் அளவைக் கூட்டி, மூச்சை அடக்கிவிடலாம். மருந்துப் பை உள்ள வகையை வெட்டினால் மொத்தமும் கசியும். கழற்றியதிலும் கணிசமான மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகளுக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

ஒட்டுமிடத்தில் முடி இருந்தால் கத்தரியுங்கள், சவரம் வேண்டாம். பிளேடு மேற்படலத்தையும் சேர்த்தே சீவிவிடும்.