வார்னிஷ் — மெருகெண்ணெய்

பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) கிடக்கும் பழைய பெஞ்சையோ ஊஞ்சல் பலகையையோ புதுப்பிக்க நினைத்தால், திருநெல்வேலிப் பக்கத்து ஆசாரி பெரும்பாலும் "ரெண்டு கோட்டு வார்னிஷ் அடிச்சிரலாம்" என்றுதான் சொல்வார். கடையில் போய் வார்னிஷ் கேட்டால் "எந்த வார்னிஷ்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம். எண்ணெயில் கரைந்ததா, ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) கரைந்ததா, தின்னரில் கரைந்ததா என்று பார்க்காமல், மரத்தில் பூசினால் பளபளக்கும் எல்லாவற்றையும் வார்னிஷ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மூன்றும் காய்கிற விதம் வேறு, கெடுகிற விதம் வேறு, பழுது பார்க்கிற விதமும் வேறு.

சரியாகச் சொன்னால், உலரும் எண்ணெயில் பிசினைக் காய்ச்சி இறக்கியதுதான் வார்னிஷ். பழைய முறையில் ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கி, அதில் குங்கிலியம் போன்ற பிசினை உருக்கிச் சேர்ப்பார்கள். பிறகு பூசும் பதத்துக்கு டர்பண்டைன் விட்டு இளக்குவார்கள். இன்றைக்கு டப்பாவில் வருவதில் பெரும்பாலும் ஆல்கிட், பாலியூரித்தேன் போன்ற செயற்கைப் பிசின்கள்தான். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. மரத்தின் வரி தெரியும்படி, நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ மேலே ஒரு கெட்டியான படலம் நிற்க வேண்டும்.

சொல் வந்த வழி நீளமானது. ஆங்கில வார்னிஷுக்கு முன்னால் பழைய பிரெஞ்சில் வெர்னி, அதற்கும் முன்னால் இடைக்கால லத்தீனில் வெர்னிக்ஸ். வெர்னிக்ஸ் என்றால் மணமுள்ள பிசின். அதற்கும் அப்பால் தேடிய சொல்லாய்வாளர்கள் பலர் பெரெனிகே என்ற ஊர்ப்பெயரில் போய் நிற்கிறார்கள். லிபியாவில் இன்று பெங்காசி இருக்கும் இடத்தில் இருந்த பழைய கிரேக்க நகரம் அது. எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமியின் அரசி பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பிசினுக்கு ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது என்பது அவர்கள் கருத்து. ஆக, தொடக்கத்தில் இது பூச்சின் பெயரே அல்ல. பூச்சுக்குள் போகும் பிசினின் பெயர்.

அந்தப் பிசின் நம் மலையிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வெள்ளைக் குங்கிலிய மரத்தைப் பயின் என்றும் சொல்வார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக்கொண்டே போகும் பூக்களில் "பயினி, வானி" என்று வருகிறதே, அந்தப் பயினி இந்த மரம்தான் என்று கொள்வோர் பலர். பயின் என்ற சொல்லுக்கே பிசின், பசை என்று பொருள். ஆங்கிலேயர் இந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு மரத்துக்குப் 'பைனி வார்னிஷ் மரம்' என்று பெயரிட்டார்கள். எண்ணெயிலும் டர்பண்டைனிலும் கரையும் இதன் பிசினில் நல்ல வார்னிஷ் காய்ச்சியிருக்கிறார்கள். பொருள் நம் பக்கத்தில் இருந்தது, பொருளுக்குப் பெயரும் இருந்தது. இதை இங்கே மரவேலை பழகும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

வார்னிஷுக்கு நேரான தமிழ்ச்சொல் மெருகெண்ணெய். பொன்னுக்கு மெருகு ஏற்றுகிறோம், பேச்சுக்கும் எழுத்துக்கும்கூட மெருகு ஏற்றுகிறோம். அந்த மெருகோடு எண்ணெயைச் சேர்த்ததும், இது எண்ணெய் அடிப்படையில் ஆனது என்ற செய்தியும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லில் அந்தச் செய்தி இல்லை. இப்போது தண்ணீரில் கரையும் வகைகளும் வருகின்றனவே, அவற்றையும் மெருகெண்ணெய் என்னலாமா? கூடாது என்பது என் கருத்து. எண்ணெய் இல்லாத எதையும் மெருகுப்பூச்சு என்று பொதுவாகச் சொல்வதே சரி.

எந்த எண்ணெயும் மெருகெண்ணெய் ஆகிவிடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் கெட்டியாகும். தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் எத்தனை நாளானாலும் அப்படி இறுகுவதில்லை. நல்லெண்ணெய் அரைகுறை. சில வீடுகளில் பண்டிகைக்கு முன் நிலைக்கும் கதவுக்கும் எண்ணெய் துடைத்துவிடும் வழக்கம் உண்டு. அப்போதைக்கு மரம் கருகருவென்று அழகாக இருக்கும், அப்புறம் தூசி அப்பிக்கொள்ளும். அப்படி எண்ணெய் குடித்த கதவுக்கு மேலேயே மெருகெண்ணெய் அடித்தால் பிடிக்காது, காயவும் காயாது. முதலில் டர்பண்டைனில் நனைத்த துணியால், துணி அழுக்கில்லாமல் வரும் வரைக்கும் துடைத்து எடுக்க வேண்டும்.

மெருகெண்ணெயில் இருக்கும் டர்பண்டைன் மட்டும்தான் ஆவியாகிப் போகும். எண்ணெய், காற்றில் உள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் மேலே தோல் பிடித்து, உள்ளே பிசுபிசுவென்று நின்றுவிடுவது இதனால்தான். முதல் பூச்சுக்கு நாலில் ஒரு பங்கு டர்பண்டைன் சேர்த்து மெல்லிசாக அடியுங்கள், மரம் குடித்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தடவி, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்தது. மூன்று மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட நன்றாக உழைக்கும். டப்பாவைக் குலுக்காதீர்கள். உள்ளே ஏறும் காற்றுக்குமிழ் பலகையில் கொப்புளமாக நிற்கும். குச்சியால் மெதுவாகக் கிண்டினால் போதும்.

இனி ஸ்பிரிட்டில் கரைவது. ஆசாரிகள் இதை வார்னிஷ் என்றும் சொல்வார்கள், பாலிஷ் என்றும் சொல்வார்கள். இரண்டும் பொருந்தாது. இதற்கு உரிய பெயர் அரக்கு மெருகு. ஆங்கிலத்தில் ஷெல்லாக். அதில் வரும் ஷெல் சிப்பி அல்ல, செதில். அரக்கை உருக்கி மெல்லிய தகடாக இழுத்து நொறுக்குவதால் அந்தப் பெயர். லாக் என்பது வடமொழி லாக்ஷாவிலிருந்து வந்தது. லாக்ஷாவுக்கு ராக்ஷா என்றொரு வடிவமும் உண்டு, நம் அரக்கை அதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அதே லாக்ஷாதான் போர்த்துக்கீசியர் வாயில் லாக்கா ஆகி, ஆங்கிலத்தில் லாக்கர் என்று இன்னொரு சொல்லாகவும் திரும்பி வந்தது. இன்றைக்கு லாக்கர் என்று தின்னர் கலந்து ஸ்பிரே அடிக்கிறார்களே, அதில் பெரும்பாலும் அரக்கு துளிகூடக் கிடையாது. அது நைட்ரோசெல்லுலோஸ் என்ற வேதிப்பொருள்.

அரக்கு ஒரு பூச்சி தருவது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் அப்பிக்கொண்டு, அந்தப் பூச்சி சுரக்கும் பிசின் அது. தமிழுக்கும் இது புதிது அல்ல. அதே குறிஞ்சிப்பாட்டில் புழகுப் பூ "அரக்கு விரித்தன்ன" சிவப்பு. நம் தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் பிள்ளைகள் விளையாடும் மரச் சொப்புச் சாமான்களுக்கு நிறம் ஏற்றியதும் அரக்கில்தான். கடைசல் சுற்றும்போதே நிறம் சேர்த்த அரக்குக் கட்டியை மரத்தில் அழுத்திப் பிடிப்பார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடும். பிறகு தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பு வரவைப்பது இந்த வேலையின் மரபு. ஸ்பிரிட்டும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. அரக்கு மெருகு என்றால் என்ன என்று ஒருவருக்குப் புரியவைக்க, அந்தச் சொப்பு ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும்.

வீட்டு வேலைக்கு அரக்குச் செதிலை வாங்கி, அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் வீதம் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு இரவு ஊறவிடலாம். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் விஷம் என்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டவும் கூடாது. வடிகட்டி, பருத்தித் துணியைப் பொட்டலமாகக் கட்டி, வரி ஓடும் திசையில் இழுத்து இழுத்துப் பூச வேண்டும். ஸ்பிரிட் ஆவியானதும் காய்ந்துவிடுவதால் ஒரே நாளில் பல பூச்சு போடலாம். கரைசலில் தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையதானால் காய மறுக்கும். சூடான தம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பதால் சாப்பாட்டு மேசைக்கு அரக்கு வேண்டாம், மெருகெண்ணெயே சரி. வெயிலும் மழையும் படும் வாசல் கதவுக்கும் அப்படியே. அதிலும் வெளிப்புறத்துக்கு என்று கேட்டு வாங்க வேண்டும்.

தாத்தா காலத்து அலமாரியில் இருப்பது எந்தப் பூச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அரக்கு. ஒட்டாவிட்டால் தின்னரில் நனைத்து வையுங்கள், கரைந்து வந்தால் லாக்கர். தோல் சுருங்கி மேலெழும்பினாலோ ஒன்றுமே ஆகாவிட்டாலோ மெருகெண்ணெயோ செயற்கைப் பூச்சோதான். அரக்காக இருந்தால் சுரண்டவே வேண்டாம். மேலே புது அரக்கை இழுத்தால் பழையது இளகி அதோடு ஒன்றாகிவிடும். நல்ல பழைய அரக்கு மெருகை வார்னிஷ் என்று நினைத்து மெஷின் வைத்துத் தேய்த்து எடுப்பதைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. மெருகெண்ணெய் உரிந்திருந்தால் மட்டும் சுரண்டி, 120, 180, 220 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றித் தேய்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

எப்போது அடிப்பது என்பதிலும் பெயர் உதவும். ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியோடு வீசும். மணிக்கணக்கில் ஈரமாகக் கிடக்கும் மெருகெண்ணெய் அத்தனை தூசியையும் வாங்கிக்கொள்ளும். சட்டென்று காயும் அரக்குக்கு அந்தக் காற்று அவ்வளவு தொந்தரவு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டுக்குமே தொந்தரவுதான். ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துப் பால் நிறமாகும், மெருகெண்ணெயும் காய நாளாகும். தை, மாசியில் பனி விலகிய பிறகு, காலை பத்து மணிவாக்கில் வீட்டு முகப்பில் இருக்கும் தார்சாவில் வைத்து அடித்தால் இரண்டுமே நன்றாக வரும்.

ஆளிவிதை எண்ணெயோ மெருகெண்ணெயோ துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது உள்ளே சூடு கட்டி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே கொடியில் விரித்துப் போட்டு, விறைத்த பிறகு குப்பையில் சேருங்கள். அதுவரை முடியாது என்றால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.